பதுங்குகுழியும் தபால்பையும்: முதல் உலகப் போர்க் காதல் நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

முதல் உலகப் போரின் மேற்கு முனையை (பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நீண்ட போர்வரிசை) வைத்துக் காதல் நாவல் எழுதத் தொடங்குகிறவர்களின் கையெழுத்துப் படிகளில் ஒரே குறை திரும்பத் திரும்ப வரும். ஒரு அத்தியாயம் முழுக்கச் சேறும் குண்டும். அடுத்த அத்தியாயம் முழுக்க ஜன்னலோரக் காத்திருப்பு. இரண்டும் தனித்தனிக் கதைகளாக ஓடி, கடைசியில் ஒரு ரயில் நிலையத்தில் மட்டும் சந்தித்துக்கொள்ளும். காரணம் எளிது. போர்முனையில் இருந்த அவனையும் ஊரில் இருந்த அவளையும் இணைத்துவைத்த ஏற்பாடுகளை எழுத்தாளர் படிக்கவில்லை. ராணுவத் தபால், கடிதத் தணிக்கை, லீவுப் பட்டியல், முன்வரிசைப் பணிச்சுழற்சி, காயம்பட்டவனைப் பின்னுக்கு அனுப்பும் வழி, சாவுச் செய்தி வரும் படிவம் ஆகியவைதான் அந்த ஏற்பாடுகள். அந்தக் காலத்துக் காதல் இவற்றின் வழியாகத்தான் நடந்தது. இவற்றை முதலில் கட்டிவிட்டால் கதையின் முடிச்சுகள் பெரும்பாலும் தாமாகவே விழும்.

கீழே உள்ள படிகள் பிரிட்டிஷ் படைப் பகுதியை மையமாகக் கொண்டவை. அதற்குத்தான் ஆவணங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன.

படி 1: ஒரு பட்டாலியனைப் பிடியுங்கள்

“1916, பிரான்ஸ்” என்பது களம் ஆகாது. எந்தப் பட்டாலியன், எந்த மாதம், எந்தப் பகுதி என்பதை முடிவு செய்யாமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம். பட்டாலியன் என்பது காகிதக் கணக்கில் சுமார் 1,000 பேர். அதில் நான்கு கம்பெனிகள், ஒவ்வொரு கம்பெனியிலும் நான்கு பிளட்டூன்கள். ஒரு பிளட்டூனில் ஐம்பது பேர் வரை. உங்கள் நாயகனுக்கு முகம் தெரிந்த உலகம் அந்த ஐம்பது பேர்தான். ஜெனரல்களை அவன் பார்த்திருப்பதே அரிது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். நாயகன் வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து எழுத்தர். 1914 செப்டம்பரில் நண்பர்களோடு சேர்ந்து லீட்ஸ் பால்ஸ் (லீட்ஸ் நண்பர்கள்) எனப்பட்ட 15வது வெஸ்ட் யார்க்‌ஷர் பட்டாலியனில் சேர்கிறான். ஒரே ஊர், ஒரே அலுவலகம், ஒரே கால்பந்துக் குழு என்று கூட்டமாகச் சேர்ந்தவர்களை ஒன்றாகவே வைத்திருந்த படை அது. கோல்ஸ்டர்டேல் மலைப்பகுதியில் பயிற்சி, 1915 டிசம்பரில் எகிப்து, 1916 மார்ச்சில் பிரான்ஸ், சோம் போரின் முதல் நாளான ஜூலை 1 அன்று செர் கிராமத்துக்கு எதிரே தாக்குதல். நாயகி அதே லீட்ஸின் கிழக்கே இருந்த பார்ன்போ வெடிமருந்து ஆலையில் குண்டுகளுக்கு மருந்து நிரப்புகிறாள்.

இப்படி இரு முனைகளையும் நிஜ இடங்களில் ஊன்றினால் கதைக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். 1916 டிசம்பர் 5 இரவு பார்ன்போவில் வெடிப்பு நிகழ்ந்து 35 பெண்கள் இறந்தார்கள். போர்க்காலத் தணிக்கையால் அந்தச் செய்தி அமுக்கப்பட்டது. ஆபத்து அவன் பக்கம் மட்டும்தான் என்று நம்பிக்கொண்டிருக்கும் நாயகனுக்கு, அவள் எழுத முடியாத ஒரு கடிதம் இருக்கிறது. அவன் சேற்றை மறைக்கிறான், அவள் வெடிப்பை மறைக்கிறாள். கற்பனையில் மட்டும் தேடியிருந்தால் இப்படி ஒரு முடிச்சு கிடைப்பது அரிது.

பட்டாலியனைத் தேர்ந்ததும் அதன் போர் நாட்குறிப்பை எடுங்கள். லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 95 என்ற தொகுதியில் பட்டாலியன் வாரியாக இருக்கிறது, இணையத்திலும் கிடைக்கும். நாள், இடம், என்ன நடந்தது என்று ஒரு அதிகாரி எழுதியது. அதிகாரிகள் இறந்தால் பெயர் இருக்கும். சாதாரணச் சிப்பாய்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டுமே வருவார்கள். “சிப்பாய்கள் 3 பேர் பலி” என்ற அந்த வரியில் உங்கள் கதாபாத்திரத்துக்கு இடம் இருக்கிறது. தனிச் சிப்பாய்களின் பணிக்கோப்புகளில் பெரும்பகுதி 1940 செப்டம்பரில் லண்டன் மீது குண்டு விழுந்தபோது எரிந்துபோனது. ஆகவே ஒரு நிஜச் சிப்பாயின் முழு வரலாற்றைத் தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டாம்.

அடுத்து வரைபடம். 1:10,000 அளவுப் பதுங்குகுழி வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகமும் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகமும் இணையத்தில் வைத்திருக்கின்றன. 1918 தொடக்கம் வரை ஜெர்மானியக் குழிகள் சிவப்பிலும் பிரிட்டிஷ் குழிகள் நீலத்திலும் இருக்கும். அதன் பிறகு நிறம் மாறிவிடும். இதைக் கவனிக்காமல் நாயகனை எதிரியின் குழியில் குடியேற்றிவிடாதீர்கள்.

படி 2: இரண்டு பத்தி நாட்காட்டி

ஒரு பெரிய தாளில் இரண்டு பத்தி கீறுங்கள். இடப்பக்கம் அவன், வலப்பக்கம் அவள். வாரம் வாரமாக நிரப்புங்கள்.

அவன் பத்தியில் முதலில் பணிச்சுழற்சி வர வேண்டும். சிப்பாய்கள் வருடக்கணக்கில் முன்வரிசையிலேயே கிடந்தார்கள் என்பது தவறான எண்ணம். பொதுவாகச் சில நாள் முன்வரிசை, சில நாள் துணைவரிசை, பிறகு பின்னால் ஓய்வு என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். நான்கு நாள், நான்கு நாள், எட்டு நாள் என்பது நாவலுக்கு வசதியான சுழற்சி. நிஜத்தில் பகுதிக்கும் நெருக்கடிக்கும் ஏற்ப அது கூடும், குறையும். ஓய்வு என்ற பெயரில் அந்த நாட்களில் சாலை போடுவதும் இரவில் சுமை தூக்குவதும் உண்டு. கூடவே எஸ்டாமினே எனப்பட்ட சிறு கடைகளில் முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும், மலிவான வெள்ளை ஒயினும் உண்டு. கடிதம் எழுதுவதற்கும் நிம்மதியான நேரம் அதுதான். நாவலில் நீண்ட கடிதங்களை ஓய்வு நாட்களில் வையுங்கள். முன்வரிசையிலிருந்து வருபவை சுருக்கமாக, பென்சிலில் இருக்கட்டும்.

அவள் பத்தியில் ஆலையின் ஷிப்டுகள் வர வேண்டும். பார்ன்போவில் இரவும் பகலும் மூன்று ஷிப்டு. வேலைக்குள் நுழையும் முன் உடையை மாற்ற வேண்டும். கொண்டை ஊசி, தீப்பெட்டி, உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. காலில் ரப்பர் காலணி. டிஎன்டி என்ற வெடிமருந்து தோலை மஞ்சளாக்கும். அதனால் அந்தப் பெண்களைக் கேனரிக் குருவிகள் என்று அழைத்தார்கள். லீவில் வரும் நாயகன் அவள் கைகளைப் பார்க்கும் காட்சிக்கு இந்த ஒரு விவரம் போதும். கழுவினாலும் அந்த நிறம் போகாது.

மூன்றாவதாக நிலவை எழுதுங்கள். பழைய நிலவு நாட்களைக் கணக்கிடும் இணையப் பக்கங்கள் நிறைய உண்டு. 1916 ஜூன் 30 அமாவாசை. ஜூலை 1 தாக்குதலுக்கு முந்திய இரவில் முழுநிலவைப் பார்த்து நாயகியை நினைக்கும் பத்தி எழுதினால், விவரம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். பாப்பி மலர்களும் அப்படித்தான். கோடையில் பூப்பவை அவை. மார்ச் மாதத்தில் பூக்க வைக்காதீர்கள்.

படி 3: குழியை முதலில் காகிதத்தில் வெட்டுங்கள்

பெரும்பாலானவர்கள் பதுங்குகுழியை ஒரு நீண்ட நேர்கோட்டு வாய்க்காலாகக் கற்பனை செய்கிறார்கள். நேராக வெட்டினால் உள்ளே விழும் ஒரே குண்டு நீளம் முழுக்க இருப்பவர்களைக் கொன்றுவிடும். உள்ளே குதித்த எதிரி ஒருவன் கோடு முழுக்கச் சுட்டுத் தள்ளலாம். அதனால் சில கஜத்துக்கு ஒருமுறை மண்திட்டு விட்டு வளைத்து வெட்டினார்கள். அந்தத் திட்டு டிராவர்ஸ். இரண்டு திட்டுகளுக்கு இடையே உள்ள இடம் பே. கதைக்கு இது மிக முக்கியம். உங்கள் நாயகனுக்கு அடுத்த வளைவில் நடப்பது தெரியாது. கேட்கும், மணக்கும், ஆனால் பார்க்க முடியாது. பத்தடி தூரத்தில் நண்பன் சாவதை அவன் சத்தத்தால் மட்டுமே அறிவான்.

எதிரியை நோக்கிய பக்கத்து மண்சுவர் பாரபெட், முதுகுப்பக்கச் சுவர் பாரடோஸ். குழியின் ஆழம் ஓர் ஆளின் உயரத்தை மறைக்கும். சுடுவதற்கு ஏறி நிற்கும் படிதான் பயர்ஸ்டெப். தரையில் மரச்சட்டப் பலகைகள், டக்போர்டு. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் போக, வர இணைப்புக் குழிகள். இரவு நேரத்தில் அந்த இணைப்புக் குழியில் சோறு கொண்டு வருபவனும் ஸ்ட்ரெச்சர் தூக்கிப் போகிறவனும் நேருக்கு நேர் முட்டி நிற்பார்கள். யாராவது ஒருவர் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டும். நல்ல காட்சி ஒன்று அங்கே காத்திருக்கிறது.

மண்ணைச் சரியாகப் பிடிப்பது அதைவிட முக்கியம். சோம் பகுதி சுண்ணாம்பு நிலம். வெட்டிய மண் வெள்ளையாகக் குவியும். மழை பெய்தால் சுண்ணாம்புக் குழம்பு உடையில் அப்பிக்கொள்ளும். ஜெர்மானியர்கள் அங்கே முப்பது அடி ஆழம் வரை உறுதியான அறைகளை வெட்டிவைத்திருந்தார்கள். ஜூலை 1 தாக்குதலுக்கு முந்திய ஏழு நாள் பிரிட்டிஷ் குண்டுவீச்சில் சுமார் 15 லட்சம் குண்டுகள் விழுந்தும் அவர்கள் பிழைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். பெல்ஜியத்தில் ஈப்ரே நகரம் இருக்கும் பிளாண்டர்ஸ் பகுதியோ களிமண். சிறிது வெட்டினாலே தண்ணீர் ஊறும். அங்கே கீழே வெட்டுவதற்குப் பதில் மணல்மூட்டைகளை மேலே அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சோம் கதையில் இடுப்பளவுத் தண்ணீரையும் ஈப்ரே கதையில் ஆழமான சுண்ணாம்பு அறையையும் மாற்றி வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

நாள் எப்படி நகர்ந்தது? விடியலுக்கு முன் எல்லோரும் துப்பாக்கியோடு படியில் ஏறித் தயார்நிலை. தாக்குதல் வருவதற்கு வாய்ப்புள்ள வேளை அது. பிறகு ரம், காலை உணவு, துப்பாக்கி சுத்தம், கால் பரிசோதனை. பகலில் தூக்கமும் பழுதுபார்ப்பும், பெரிஸ்கோப் வழியாகக் காவலும். அந்தியில் மறுபடி தயார்நிலை. இருட்டிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். முள்கம்பி கட்டப் போவது, உணவு சுமப்பது, ஒற்று பார்ப்பது, பிணம் எடுப்பது எல்லாம் இரவில்தான். பகல் வெளிச்சத்தில் குழிக்கு மேலே நடமாடும் சிப்பாய்களை எழுதினால் மொத்தக் கதையும் பொய்யாகிவிடும்.

உணவில் டின் மாட்டிறைச்சி, கல் போன்ற பிஸ்கட், பிளம்-ஆப்பிள் ஜாம், மெக்கனாக்கி என்ற டின் காய்கறிக் குழம்பு. குடிநீர் பெட்ரோல் டின்களில் வந்ததால் தேநீரிலும் பெட்ரோல் வாடை வீசும். பேனுக்குத் துணித் தையல் ஓரத்தில் மெழுகுவத்திச் சுடரை ஓட்டுவார்கள். பொடுக் பொடுக் என்று வெடிக்கும். காலழுகல் நோய் 1914-15 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் படையில் சுமார் 20,000 பேரைப் பாதித்தது. அதன் பிறகு திமிங்கிலக் கொழுப்பு தேய்ப்பதும் காலுறை மாற்றுவதும் கட்டாயமாயிற்று. ஆகவே நாயகி பின்னி அனுப்பும் காலுறை வெறும் காதல் பரிசு இல்லை, அவன் கால்விரல்களைக் காப்பாற்றும் பொருள். இந்த உண்மையை எழுதினாலே போதும். அந்தக் காலுறைக்கு நீங்கள் உவமை தேட வேண்டியதில்லை.

படி 4: எந்த ஆண்டில் எது இருந்தது

நாவலின் நம்பகத்தன்மை அதிகம் உடைவது பொருட்களில். இரும்புத் தொப்பி 1915 இலையுதிர்காலத்தில்தான் பிரிட்டிஷ் படைக்கு வரத் தொடங்கியது. 1916 கோடையில்தான் எல்லோர் தலையிலும் ஏறியது. 1914 கிறிஸ்துமஸ் போர்நிறுத்தக் காட்சியில் எல்லோரும் துணித்தொப்பி. மில்ஸ் கையெறிகுண்டு 1915இல் வந்தது. அதற்கு முன் ஜாம் டின்னில் வெடிமருந்தும் இரும்புத் துண்டும் அடைத்து எறிந்தார்கள். டாங்கி 1916 செப்டம்பர் 15 அன்றுதான் முதன்முதலாகக் களத்தில் ஓடியது. ஜூலை 1 காட்சியில் டாங்கி கிடையாது.

விஷவாயுவை இன்னும் கவனமாகக் கையாள வேண்டும். 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ரேயில் ஜெர்மானியர்கள் குளோரின் விட்டார்கள். பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் தரையோடு தவழ்ந்து வந்தது. முதல் நாட்களில் முகமூடியே இல்லை, ஈரத்துணிதான். பிறகு மருந்தில் தோய்த்த துணிப்பை முகமூடி. 1916இன் பிற்பகுதியிலிருந்து பெட்டியும் குழாயும் கொண்ட முகமூடி. மஸ்டர்ட் வாயு 1917 ஜூலையில்தான் வருகிறது. அது உடனே கொல்வதில்லை. சில மணி நேரம் ஒன்றும் தெரியாது, பிறகு கண்ணும் தோலும் கொப்பளிக்கும். 1915இல் கொப்பளம் எழுதினால் பிழை.

நாயகன் கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவன் என்றால் 1916 ஜனவரிச் சட்டத்துக்குப் பிறகே வர வேண்டும். முதலில் மணமாகாதவர்கள், அதே ஆண்டு மே மாதம் மணமானவர்களும். இந்த இடைவெளியில் அவசரக் கல்யாணம் செய்து அவனைத் தப்ப வைக்காதீர்கள்: 1915 நவம்பர் 2 அன்று மணமாகாதிருந்தவனை அந்தச் சட்டம் மணமாகாதவனாகவே கணக்கிட்டது.

படி 5: கடிதங்கள்

நாவலின் முதுகெலும்பு இதுதான். இங்கே அவசரப்படாதீர்கள்.

ராணுவத் தபாலின் வேகம் இன்று கேட்டாலும் ஆச்சரியம். லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க்கில் பிரம்மாண்டமான மரக்கட்டடம் ஒன்றில் பிரித்து அனுப்பினார்கள். உச்சகட்டத்தில் வாரத்துக்கு 1.2 கோடிக் கடிதம். லீட்ஸில் போட்ட கடிதம் இரண்டு மூன்று நாளில் முன்வரிசைக்குப் போய்விடும். ஆகவே “மாதக்கணக்காகக் கடிதம் வரவில்லை” என்று எழுதினால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். காயம்பட்டு மருத்துவமனை மாறியிருக்கலாம். பட்டாலியன் எகிப்துக்குப் போயிருக்கலாம். தாக்குதலுக்கு முன் தபாலை நிறுத்தி வைத்திருக்கலாம். அல்லது அவள் எழுதவில்லை. கடைசிக் காரணத்துக்கு வலிமை வருவதே மற்றபடி தபால் ஒழுங்காக வந்ததால்தான்.

சிப்பாயின் கடிதத்தை அவனுடைய பிளட்டூன் அதிகாரியே படித்துத் தணிக்கை செய்வார். இடப்பெயர், படை நகர்வு, இழப்புக் கணக்கு எல்லாம் அடிக்கப்படும். காலையில் தன் கால்களைச் சோதித்த இருபது வயது லெப்டினன்ட்டே மாலையில் தன் காதல் கடிதத்தையும் படிப்பார் என்று தெரிந்துகொண்டுதான் அவன் எழுதுகிறான். அந்தக் கூச்சம் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். அதிகாரிகளின் கடிதங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. தங்களுக்குத் தாங்களே பொறுப்பு. அதிகாரி நாயகனையும் சிப்பாய் நாயகனையும் பிரிக்கும் பெரிய வேறுபாடு இது. இரண்டு பேரும் ஒரே மாதிரி கடிதம் எழுதக் கூடாது.

சிப்பாய்க்கு ஒரு வழி இருந்தது, பச்சை உறை. சொந்த விஷயம் மட்டுமே உள்ளே என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பட்டாலியனில் திறக்க மாட்டார்கள். ஆனால் பின்தளத்தில் திறந்து பார்க்கலாம். எண்ணி எண்ணித்தான் கிடைக்கும். ஒருவன் தன் பச்சை உறையை நண்பனுக்கு விட்டுக்கொடுக்கிறான் என்றால் அந்த நட்பைப் பற்றி வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

இனி அச்சிட்ட கள அஞ்சலட்டை. அதில் வரிகள் முன்பே அச்சாகியிருக்கும். நான் நலம், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளேன், உங்கள் கடிதம் கிடைத்தது, விரைவில் கடிதம் எழுதுகிறேன், நீண்ட நாளாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை என்ற வகையில். வேண்டாத வரிகளை அடித்துவிட்டுத் தேதியும் கையெழுத்தும் மட்டும் போடலாம். ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டை அழிக்கப்படும். அடிக்காமல் விட்ட வரி எது என்பதே செய்தி. “நீண்ட நாளாகக் கடிதம் இல்லை” என்ற வரியை மட்டும் விட்டு அனுப்பினால் அது சண்டை. பெரிய தாக்குதல் நடந்த வாரத்தில் “நான் நலம்” என்ற அட்டை வந்தால், அவள் முதலில் பார்ப்பது தேதியைத்தான். தாக்குதலுக்கு முந்திய தேதியா, பிந்தியதா? ஒரு முழு அத்தியாயம் அந்தத் தேதிக்குள் இருக்கிறது.

நாவலுக்குள் கடிதம் எழுதும்போது மூன்று விஷயங்களைக் கடைப்பிடியுங்கள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததை அவன் விளக்கக் கூடாது. வாசகருக்காக எழுதப்பட்ட கடிதம் உடனே தெரிந்துவிடும். பாதிக் கடிதம் வேண்டுகோளாக இருக்கட்டும்: மெழுகுவத்தி, சிகரெட், பேன் மருந்து, கேக். அதோடு, முந்திய காட்சியில் நடந்த பெரிய விஷயம் கடிதத்தில் இல்லாமல் போகட்டும். நண்பன் செத்த இரவில் எழுதிய கடிதம் காலுறை அளவு பற்றியதாக இருக்கலாம். வாசகருக்கு இரண்டும் தெரியும், அவளுக்கு ஒன்றுதான் தெரியும்.

அவள் எழுதியவை பெரும்பாலும் பிழைப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அவன் கடிதங்கள் வீட்டு மேசை அறையில் பத்திரமாக இருக்கும். அவளுடையவை சேற்றிலும் மழையிலும் போய்விடும். பேத்தி பரணில் பெட்டியைக் கண்டெடுத்து இரு பக்கக் கடிதங்களையும் படிக்கிறாள் என்ற பழகிப்போன கட்டமைப்பு இங்கேதான் இடறுகிறது.

படி 6: லீவு

சாதாரணச் சிப்பாய்க்கு ஓராண்டுக்கு மேல் காத்திருந்து ஒரு லீவு கிடைப்பது சகஜம். அதிகாரிக்கு அடிக்கடி கிடைக்கும். பத்து நாள் என்றால் பயணமும் அதற்குள் அடங்கும். பூலோனில் கப்பல் ஏறி, போக்ஸ்டனில் இறங்கி, லண்டன் விக்டோரியா நிலையம், அங்கிருந்து லீட்ஸ். மெதுவான ரயிலும் தாமதமான கப்பலும் நாட்களைத் தின்னும். பெரிய தாக்குதலுக்கு முன் லீவு நிறுத்தப்படும். “லீவு ரத்து” என்ற அறிவிப்பே சிப்பாய்களுக்கு வரப்போவதைச் சொல்லிவிடும்.

ஒரு நாவலுக்கு ஒரு லீவு போதும், அதிகம் போனால் இரண்டு. அந்தச் சில நாட்களுக்கு மூன்று நான்கு அத்தியாயம் கொடுங்கள். அவன் சேற்றோடும் பேனோடும் வாசலில் நிற்பான், அம்மா உள்ளே விடாமல் கொல்லைப்புறத்தில் உடையைக் கழற்றச் சொல்வாள். படுக்கை மெத்தென்று இருப்பதால் தூக்கம் வராது. அவளுக்கோ இரவு ஷிப்டு. ஆலையில் விடுமுறை எளிதில் கிடைக்காது. இருவரும் விழித்திருக்கும் நேரம் ஒரு நாளில் எத்தனை மணி என்று நாட்காட்டியில் கணக்குப் போடுங்கள். அந்த எண் சிறிதாக இருக்கும். காட்சியின் அவசரம் அங்கிருந்து வரும்.

படி 7: காயம்பட்டவனின் பயணமும் செவிலியும்

செவிலி நாயகி என்பது இந்த வகை நாவலின் மிகப் பழகிய பாதை. எழுதலாம், ஆனால் அவளைச் சரியான இடத்தில் நிறுத்துங்கள். காயம்பட்டவன் முதலில் பட்டாலியன் மருத்துவரின் முதலுதவி நிலையத்துக்குப் போவான். அங்கிருந்து கட்டுப்போடும் நிலையங்கள், பிறகு அறுவை நடக்கும் கேஷுவால்டி கிளியரிங் ஸ்டேஷன், மருத்துவ ரயில், எத்தாப்பிள், ரூவான் போன்ற ஊர்களின் தளமருத்துவமனை, கடைசியில் கப்பல். முதல் கட்டங்களில் பெண்களே இல்லை. கிளியரிங் ஸ்டேஷனில் இருந்தவர்கள் முழுப் பயிற்சி பெற்ற ராணுவச் செவிலியர். விஏடி எனப்பட்ட தன்னார்வப் பெண்கள் பெரும்பாலும் தளமருத்துவமனைகளில்தான். வெளிநாட்டுப் பணிக்கு அவர்களுக்குக் குறைந்தபட்ச வயது 23. பதினெட்டு வயது விஏடி பெண் முன்வரிசைக்கு அருகே நாயகனின் தலையை மடியில் ஏந்தும் காட்சி நடந்திருக்க வாய்ப்பில்லை.

அங்கே நேரமும் கிடையாது. கிளியரிங் ஸ்டேஷனில் ஒருவன் சில நாள்கூடத் தங்க மாட்டான், நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். காதல் வளர வேண்டுமானால் தளமருத்துவமனை அல்லது இங்கிலாந்துதான். பெனிசிலின் 1928இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, இங்கே அது கிடையாது. இந்தப் போரில் எருவிட்ட வயல்மண் காயத்துக்குள் போனால், தசையை அழிக்கும் வாயு அழுகல் வரலாம். கிருமி கொல்லும் டேக்கின் கரைசலைக் குழாய் வழியாகச் சில மணிக்கு ஒருமுறை காயத்துக்குள் விட வேண்டும். இரவு முழுக்க அதைச் செய்கிற பெண்ணுக்கும் படுத்திருப்பவனுக்கும் இடையே பேச்சு வருவது இயல்பு. காதலை அந்த வேலையின் மேலேயே எழுதுங்கள், வேலையை நிறுத்திவிட்டு எழுதாதீர்கள்.

படி 8: தாக்குதல் காட்சி

ஒரு நாவலுக்கு ஒரு பெரிய தாக்குதல் போதும். ஜூலை 1, 1916 காலை 7.30, பட்டப்பகல். ஜெர்மானிய வரிசைக்கு அடியில் பிரிட்டிஷார் தோண்டி வெடிமருந்து நிரப்பிய ஹாதார்ன் மேட்டுச் சுரங்கம் பத்து நிமிடம் முன்பே, 7.20க்கு வெடிக்கப்பட்டது, எதிரிக்கு அதுவே எச்சரிக்கை. ஒவ்வொருவர் முதுகிலும் சுமார் 30 கிலோ. அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் படையின் இழப்பு 57,470 பேர், அதில் இறந்தவர்கள் 19,240.

இந்த எண்களைக் காட்சிக்குள் கொண்டுவராதீர்கள். நாயகனுக்கு அவை தெரியாது. அவனுக்குத் தெரிவது விசில், ஏணி, வெட்டப்படாத முள்கம்பி, பக்கத்தில் வந்தவன் இப்போது இல்லை என்பது. சத்தங்களைப் பிரித்துக் காட்டுங்கள். 77 மி.மீ. பீரங்கிக் குண்டு வருவதும் வெடிப்பதும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கேட்கும், ஒதுங்க நேரமில்லை. கனமான ஹோவிட்சர் பீரங்கிக் குண்டு வருவது முன்பே காதில் விழும். பெரிய மோர்ட்டார் (குட்டைக்குழல் பீரங்கி) குண்டு மெல்ல உருண்டு வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவு செய்ய வேண்டும். மூன்று விதச் சாவுக்கும் மூன்று விதப் பயம். எல்லாவற்றுக்கும் “டமார்” என்று எழுதினால் எதுவும் நிற்காது.

காட்சியைக் குறுகலாக வையுங்கள். ஆறு பக்கத்துக்குள் முடியட்டும். மீதி அடுத்த நாள் காலைப் பெயர் கூப்பிடும்போது வரட்டும்.

பிறகு லீட்ஸுக்குப் போங்கள். அதிகாரி இறந்தால் வீட்டுக்குத் தந்தி. சிப்பாய் இறந்தால் தந்தி கிடையாது. பி 104-82 என்ற படிவம் சாதாரணத் தபாலில் வரும். காணவில்லை என்றால் 104-83. தெருவில் தந்திப் பையன் சைக்கிளில் வரும் காட்சி அதிகாரி வீட்டுக்கே பொருந்தும். தொழிலாளர் தெருவில் பயம் தபால்காரரைப் பார்த்துத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். படிவம் போவது நெருங்கிய உறவினருக்கு. காதலிக்கு எதுவும் வராது. அவள் எழுதிய கடிதம் முத்திரையோடு திரும்பி வருவதன் மூலமோ, அவன் அம்மா சொன்னால்தானோ அவளுக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு அவளைப் பிடிக்காது என்று நீங்கள் இரண்டாம் அத்தியாயத்திலேயே எழுதியிருந்தால், அதன் விலை இங்கே வசூலாகும்.

படி 9: தமிழில் இவர்கள் எப்படிப் பேசுவார்கள்

யார்க்‌ஷர் பேச்சுக்கு மதுரை வழக்கையோ கோவை வழக்கையோ ஒட்டாதீர்கள். வாசகர் மனம் உடனே வைகைக் கரைக்குப் போய்விடும். எளிய பொதுப் பேச்சுத் தமிழ், குட்டை வாக்கியங்கள். சிப்பாய்கள் தங்களுக்குள் நீ, வா, போ. அதிகாரியிடம் “சார்”. அதிகாரி சிப்பாயைக் குடும்பப் பெயரால் அழைத்து ஒருமையில் பேசுவார். காதலர்கள் ஆரம்பக் கடிதங்களில் நீங்கள் என்று எழுதி, எந்தக் கடிதத்தில் நீ என்று மாறுகிறார்கள் என்பதை நாட்காட்டியிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்திய நாயகன் வேண்டும் என்பவர்களுக்கு: இந்தியக் கோர் எனப்பட்ட படைப்பிரிவு 1914 இலையுதிர்காலத்தில் மார்செய்யில் இறங்கியது, அதன் காலாட்படை 1915 இறுதியில் பிரான்ஸை விட்டுப் போயிற்று. 1915 மார்ச் 10 நியூவ் சாப்பெல் தாக்குதலில் 35 நிமிடக் குண்டுவீச்சுக்குப் பின் அவர்கள் முன்னேறினார்கள். காலாட்படையினர் பெரும்பாலும் பஞ்சாபியர், கர்வாலியர், கூர்க்காக்கள், பட்டாணியர். பலர் கடிதத்தைச் சொல்லி எழுதவைத்தார்கள். அதைத் தனித் தணிக்கை அலுவலகம் மொழிபெயர்த்துக் குறிப்பெடுத்தது. அந்தக் குறிப்புகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தணிக்கையை ஏமாற்ற இந்தியச் சிப்பாய்களைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளையர்களைச் சிவப்பு மிளகு என்றும் எழுதினார்கள். காயம்பட்ட இந்தியர்களை வைத்திருந்த இங்கிலாந்தின் பிரைட்டன் மருத்துவமனைகளில் அவர்கள் வெளியே போவதற்கும் வெள்ளைப் பெண்களோடு பழகுவதற்கும் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. ஆங்கிலச் செவிலியோடு காதல் என்றால் அந்த வேலியைத் தாண்டும் வழியைச் சொல்ல வேண்டும். தமிழ் நாயகனுக்கு நேர்மையான இடம் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படை போன மெசபடோமியாவும், 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி 1914 நவம்பரில் போரிட்ட கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவும். அங்கே தபாலுக்கு வாரக்கணக்காகும். முழு நாட்காட்டியையும் மாற்றிப் போட வேண்டும்.

படி 10: முடிவை எங்கே வைப்பது

1918 நவம்பர் 11, காலை 11 மணியில் நாவலை முடிக்காதீர்கள். துப்பாக்கி ஓய்ந்தாலும் யாரும் அன்று வீட்டுக்குப் போகவில்லை. தொழிலுக்கு உடனே தேவைப்படுபவர்களை முதலில் விடுவிக்கும் திட்டம் இருந்தது. அதில் கடைசியாகச் சேர்ந்தவன் முதலில் போக, 1914இல் சேர்ந்தவன் காத்துக் கிடந்தான். 1919 ஜனவரியில் போக்ஸ்டனிலும் கலேயிலும் சிப்பாய்கள் கொந்தளித்த பிறகு வயது, சேவைக் காலம், காயம் ஆகியவற்றின்படி வரிசை மாற்றப்பட்டது. நடுவே இன்ஃப்ளூயன்சா ஊர் ஊராகக் கொன்றுகொண்டிருந்தது. ஆலைகளில் பெண்களுக்கு வேலை போயிற்று. சொந்தச் சம்பளத்தில் வாழப் பழகியவள் மறுபடி வீட்டு வேலைக்குப் போகச் சொல்லப்படுகிறாள். லீட்ஸ் பால்ஸ் என்ற தனிப் பட்டாலியனே 1917 டிசம்பரில் 17வது பட்டாலியனோடு இணைக்கப்பட்டுவிட்டது. அவனோடு கோல்ஸ்டர்டேலில் இருந்த முகங்கள் அதில் மிகக் குறைவு.

எனவே நாட்காட்டியை 1919 கோடை வரை நீட்டுங்கள். நான்கு ஆண்டில் அவர்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டிப் பாருங்கள். உங்கள் கணக்கில் அது மூன்று வாரத்தைத் தாண்டாது. மற்றதெல்லாம் கடிதத்தில் நடந்த காதல். கடிதத்தில் சொல்லாமல் விட்டவை இரு பக்கமும் எவை எவை என்று தனித் தாளில் எழுதுங்கள்: செர், அந்த நண்பன், டிசம்பர் 5 இரவு. கடைசி மூன்று அத்தியாயங்களில் அந்தப் பட்டியலிலிருந்து எதை யார் யாரிடம் எப்போது சொல்கிறார்கள் என்று வரிசைப்படுத்திக்கொண்டு எழுதத் தொடங்குங்கள்.